காற்று ஓய்ந்த மாதங்களுக்கு ஓர் இன்டர்ன்ஷிப்: பணகுடிப் பக்கத்து நிறுவனம் ஒன்றின் அனுபவம்

திருநெல்வேலிப் பக்கம் சிறுதொழில் நடத்துகிறவர்களிடம் இன்டர்ன்ஷிப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வரும். நல்ல பிள்ளைகள் யாரும் இங்கே வருவதில்லை, எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறிவிடுகிறார்கள் என்பார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். உள்ளூர்க் கம்பெனிக்குப் போனால் ஜெராக்ஸ் எடுக்கச் சொல்வார்கள், கடைசியில் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பார்கள். பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பில் இருக்கிறேன். இந்த இரண்டு பேச்சும் ஆண்டுதோறும் என் காதில் விழுகின்றன. நல்ல மாணவர்கள் வராததற்கு ஊரைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. நாம் கொடுக்கிற இடத்தில் பெரும்பாலும் வேலையே இருப்பதில்லை. அதை நல்ல மாணவர்கள்தான் முதலில் மோப்பம் பிடிக்கிறார்கள்.

இதை நிறுவனம் ஒன்று எப்படி உணர்ந்தது, உணர்ந்தபின் என்ன செய்தது என்பதைக் கூட இருந்து பார்த்தேன். பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் காற்றாலைகளைப் பராமரித்துக் கொடுக்கும் நிறுவனம் அது. இருபது சொச்சம் பேர் வேலை செய்கிறார்கள். பெயர் இங்கே வேண்டாம்.

நிறுவனமும் அதன் முதல் அறிவிப்பும்

அவர்கள் பார்த்துக்கொள்ளும் இயந்திரங்கள் பழையவை. 225 கிலோவாட், 250 கிலோவாட் திறன் கொண்டவை; பலவற்றுக்கு 20 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. உரிமையாளர்களில் நூற்பாலைக்காரர்கள் அதிகம்; தங்கள் ஆலைக்கான மின்சாரத்துக்காக இங்கே காற்றாலை நட்டவர்கள். தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்த நிறுவுதிறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் இப்படிப்பட்ட சின்ன, வயதான இயந்திரங்கள்தான் ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்குச் சோறு போடுகின்றன. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அதற்குப் பிறகு இந்த இயந்திரங்களை இன்னும் எத்தனை காலம் ஓட்டலாம் என்ற கேள்வி உரிமையாளர்களிடம் சூடுபிடித்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு இயந்திரமும் எப்போது, எதனால் நின்றது என்ற கணக்கு வேண்டும். அதைப் போட்டுப் பார்க்க ஆள் இல்லை. படித்த பிள்ளை ஒருவர் தேவை என்று முதலாளி நினைத்ததில் தவறே இல்லை.

தேவை உண்மையானதாக இருந்தும் அறிவிப்பில் அது ஓரிடத்தில்கூடத் தெரியவில்லை. மின்னியல், இயந்திரவியல் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் உண்டு, காலம் 15 நாள் முதல் ஒரு மாதம், முடிவில் சான்றிதழ் தரப்படும், தொடர்புக்கு இந்த எண் என்று நான்கு வரிதான். மே மாதம் அனுப்பினார்கள். கையெழுத்து மட்டும் கிடைத்தால் போதும் என்ற சிலர் வந்தார்கள். மெய்யான ஆர்வத்தோடு ஒரே ஒரு மாணவர் வந்தார். அவரும் இரண்டாம் வாரம் வரவில்லை. காலையில் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தால், டெக்னீஷியன்கள் எல்லாரும் ஏற்கெனவே களத்தில் இருப்பார்கள். சூப்பர்வைசர் போனும் கையுமாக ஓடிக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு சந்தேகம் கேட்கவே மாணவருக்குக் கூச்சமாக இருந்தது. வருகைப் பதிவேட்டை நிரப்பிக் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் ஊருக்குப் போய்விட்டார். அவர் தன் ஜூனியர்களிடம் சொன்ன ஒரு வார்த்தை, அடுத்த ஆண்டு வந்த அதே அறிவிப்பையும் செல்லாக்காசாக்கிவிட்டது. மாணவர்களுக்குள் செய்தி பரவும் வேகத்தை நிறுவனங்கள் குறைத்தே மதிப்பிடுகின்றன.

காலண்டரைத் திருப்பிப் போட்டது

இந்தக் கதையில் என் மனதில் நன்றாகப் பதிந்த பகுதி இதுதான்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வீசுவது மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஓர் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே நல்ல காற்று அடிக்கும் ஒரு நாள், மந்தமான பல நாட்களுக்குச் சமம். 250 கிலோவாட் இயந்திரம் முழுத் திறனில் நாள் முழுதும் ஓடினால் 6,000 யூனிட். அந்த நாளில் அது நின்றுவிட்டால் அந்தக் காற்று திரும்பி வரப்போவதில்லை. அதனால் சீசனில் யாரும் இயந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். கோளாறு வந்தால் ஓடிப்போய்ச் சரிசெய்து, மறுபடி ஓடவிட்டு, அடுத்த இயந்திரத்துக்கு ஓடுவார்கள். சொல்லிக் கொடுக்க அப்போது யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது.

கல்லூரிகளின் கோடை விடுமுறையும் இதே நேரத்தில் வருகிறது. ‘விடுமுறையில் இன்டர்ன்ஷிப்’ என்ற பழக்கத்தையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், ஆண்டிலேயே மாணவருக்கு மிகக் குறைவாகக் கற்றுக்கொடுக்க முடிகிற மாதங்களில் அவரைக் கொண்டுபோய் விடுகிறோம்.

காற்று அடங்கிய பிறகு, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, நிலைமை தலைகீழ். பெரிய பராமரிப்பு முழுவதும் அப்போதுதான். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவார்கள், பிளேடுகளைச் சோதிப்பார்கள், போல்ட்டுகளை இறுக்குவார்கள், கன்ட்ரோல் பேனலைத் துடைத்துக் கம்பிகளைச் சரிபார்ப்பார்கள். பொறியியல் நான்காம் ஆண்டின் எட்டாவது செமஸ்டர், பெரும்பகுதி புராஜெக்ட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது, ஜனவரியில்தான் தொடங்குகிறது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயின் மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் பட்டத்துக்குள் 600 முதல் 700 மணி நேர இன்டர்ன்ஷிப்பை எதிர்பார்க்கிறது. அந்த நேரமும், புராஜெக்ட்டும், பராமரிப்பு சீசனும் ஒரே மாதங்களில் பொருந்தி வருகின்றன. இத்தனை ஆண்டுகளாக யாரும் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வாரத்தில் 4 நாள் என்று மாற்றினோம். ஐந்தாவது நாள் கல்லூரிக்கு. கல்லூரித் தரப்பில் ஒரு சிக்கல் வந்தது: புராஜெக்ட் என்றால் மூன்று நான்கு பேர் கொண்ட குழுவாகத்தான் மதிப்பிடுவார்கள். தனியாகச் செய்கிற மாணவரை எப்படி மதிப்பிடுவது என்று துறையில் கேட்டார்கள். நிறுவனத்தின் வேலையைக் குழுவின் தலைப்பாக வைத்துக்கொண்டு, களப் பகுதியை ஒருவர் செய்ய, மற்றவர்கள் கல்லூரியிலிருந்தே பகுப்பாய்வில் பங்கெடுக்கலாம் என்று முடிவாயிற்று. சிறிய விஷயம்தான். ஆனால் இது முடிவாகாமல் அறிவிப்பை வெளியிட்டிருந்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மதிப்பெண்ணுக்குப் பயந்து ஒதுங்கியிருப்பார்கள்.

கோளாறுப் பதிவேடு

காலம் முடிவான பிறகு அடுத்த கேள்வி: வந்த பிள்ளை என்ன செய்வது? இதற்கு முதலாளியிடம் பதில் இல்லை. “எல்லாவற்றையும் பார்க்கட்டும்” என்றார். எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் மாணவர் எதையும் பார்க்கமாட்டார்.

சூப்பர்வைசரிடம் உட்கார்ந்தோம். அவரை அங்கே சின்னவர்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். நேரம் கிடைத்தால் செய்ய நினைத்து, செய்யாமலே விட்ட வேலை எது என்று அவரிடம் கேட்டேன். எழுந்துபோய் இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே அட்டை போட்ட நீளப் பதிவேடுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு இயந்திரமும் நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், காரணம் எல்லாம் ஆபரேட்டர்கள் கைப்பட எழுதியவை. எண்ணெய்க் கறை படிந்த ஒரு பக்கத்தில் ஒரே கையெழுத்தில் ஐந்தாறு வரிகள் இப்படி இருந்தன: ‘12.40 நின்றது. கியர் ஆயில் டெம்ப் ஹை. 1.25 ரீசெட். ஓ.கே.’ அடுத்த நாளும் அதே வரி. அதற்கு அடுத்த நாள் நேரம் மட்டும் 1.10.

“ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்னக் கோளாறு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தானே நோய் தெரியும்? சேர்த்துப் பார்க்க எனக்கு ஆள் வேண்டும்” என்றார் அண்ணாச்சி.

இன்டர்ன்ஷிப்பின் வேலை அங்கேயே கிடைத்துவிட்டது. ஏற்கெனவே உள்ளே கிடக்கிற, யாரோ ஒருவருக்கு மெய்யாகவே தேவைப்படுகிற, நான்கு மாதத்தில் முடியக்கூடிய வேலை. மார்ச் பராமரிப்பில் எந்த இயந்திரத்தை முதலில் பிரிக்க வேண்டும் என்ற முடிவும் அதைப் பொறுத்திருக்கும். மாணவருக்காகப் புதிதாக ஒரு பயிற்சியைக் கற்பனை செய்து உருவாக்குவதைவிட, உள்ளே ஆறிப்போய்க் கிடக்கும் வேலையைத் தேடி எடுப்பது எவ்வளவோ மேல். அந்த வேலைக்குக் காத்திருக்கிற ஒருவர் அலுவலகத்தில் இருப்பார். மாணவரை அவர் சும்மா உட்கார விடமாட்டார்.

இரண்டாவது அறிவிப்பு

புதிய அறிவிப்பு ஒரு பக்கம் முழுக்க வந்தது. அதன் சாரம் இது. பதிவேட்டில் உள்ள மூன்று சீசன் பதிவுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். நின்ற நேரத்தை மின்வாரியத் தடங்கல், இயந்திரக் கோளாறு, திட்டமிட்ட பராமரிப்பு என்று பிரிக்க வேண்டும். இயந்திரக் கோளாறுகளை மறுபடியும் வகை பிரிக்க வேண்டும். முடிவில் எந்த இயந்திரத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று முதலாளிக்கும் அண்ணாச்சிக்கும் முன்னால் நின்று விளக்க வேண்டும். தினமும் காலையில் அரை மணி நேரம் அண்ணாச்சி மாணவருக்கானவர். மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகை, மதியச் சாப்பாடு, வள்ளியூரிலிருந்து நிறுவனத்தின் வேன். டவர் ஏறுவது கட்டாயம் இல்லை. ஏற விரும்பினால், காற்று இல்லாத காலை நேரத்தில், இயந்திரத்தைப் பூட்டிய பிறகு, பாதுகாப்புப் பட்டையோடு, இரண்டு டெக்னீஷியன்கள் உடன் வர மட்டுமே அனுமதி.

நடுவில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன்: முதல் மூன்று வாரம் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலைதான், சலிப்பாக இருக்கும். முதலாளி தயங்கினார், இதைப் படித்தால் யார் வருவார்கள் என்றார். நான் பிடிவாதமாக இருந்தேன். உள்ளதை உள்ளபடி சொல்கிற இடத்தை நல்ல மாணவர் நம்புகிறார். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் பின்னால் சொன்னார், அந்த வரியைப் படித்த பிறகுதான் மிச்சத்தையும் நம்பினாராம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படிக்க வருகிற பிள்ளைக்கு எதற்குப் பணம், நாம்தானே கற்றுக்கொடுக்கிறோம் என்பது நெல்லைச் சீமையில் நான் பல முதலாளிகளிடம் கேட்கிற கேள்வி. நியாயமாகத்தான் படும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து பணகுடி 50 கிலோமீட்டருக்கு மேல். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் நகரப் பஸ்களில்தான். இந்தத் தூரத்துக்கு அது உதவாது. நாகர்கோவிலுக்கு நேராகப் போகும் பஸ்கள் பல, பைபாஸில் பறந்துவிடும்; ஊருக்குள் வரும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளில் சிலர் சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறித்தான் செமஸ்டர் கட்டணத்தைச் சமாளிக்கிறார்கள். சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் என்று சொன்ன மாத்திரத்தில் அவர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். மிஞ்சுகிறவர்கள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும். நல்ல மாணவர் வேண்டும் என்று கேட்டுவிட்டு, பாதிப்பேரை நாமே வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

சந்தையில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பணத்தை மாணவரிடமிருந்தே வாங்கிக்கொண்டு, சில நாள் ஆன்லைன் வகுப்பு நடத்தி, இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கொடுக்கும் வியாபாரம் பெருகிவிட்டது. விரிவுரைக்கூடத்தில் ஒரு மாணவர் தன் அம்மாவின் நகைக்கடனில் அப்படி ஒரு சான்றிதழ் வாங்கியதாகச் சொன்னபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. உள்ளூரில் மெய்யான இடங்கள் இல்லாததால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

அரசுத் திட்டங்கள் எதுவரை உதவும்

2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தை முதலாளி கேட்டார். அது பெரிய 500 நிறுவனங்களுக்கானது. அப்போதைய விதிப்படி முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பொருந்தவில்லை. இருபது பேர் நிறுவனத்துக்கும் நான்காம் ஆண்டு மாணவருக்கும் அதில் இடமிருக்கவில்லை. பயன்படக்கூடியது வேறொன்று: 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வரும் தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம், பட்டமும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கானது. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குப் பழகுநர்களை எடுப்பது கட்டாயம். 4 பேர் இருந்தாலே விரும்பி எடுக்கலாம். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தம் பட்டதாரிகளுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாயாக நிர்ணயித்தது. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இந்தத் திட்டத்தை நடத்தும், தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இன்டர்ன்ஷிப்பில் நன்றாகச் செய்தவரைப் பட்டம் முடித்தபின் இந்தத் திட்டத்தில் ஓராண்டு வைத்துக்கொள்ளலாம் என்றோம். அறிவிப்பின் கடைசியில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். நான்கு மாதத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு மாணவர்களுக்கு அப்போதே பதில் கிடைத்தது.

சொல்லிய விதம்

அறிவிப்பு செப்டம்பரிலேயே தயார். நல்ல மாணவர்கள் எட்டாவது செமஸ்டரை எங்கே கழிப்பது என்று தீபாவளிக்கு முன்பே முடிவுசெய்துவிடுகிறார்கள். டிசம்பரில் கேட்டால் மிஞ்சியவர்கள்தான் கிடைப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், அண்ணாச்சியையே கல்லூரிக்கு வரச் சொன்னோம். காற்று இறங்கியிருந்த நாள். அவர் பவர்பாயிண்ட் எதுவும் கொண்டுவரவில்லை. பல் தேய்ந்த கியர் ஒன்றையும் பதிவேட்டின் இரண்டு பக்கங்களையும் கொண்டுவந்தார். கியரைக் கை மாற்றிக் கை மாற்றி வகுப்பு முழுதும் அனுப்பினார். இது எத்தனை ஆண்டில் இப்படி ஆயிருக்கும், ஏன் ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று கேட்டார். வகுப்பில் பின்வரிசைக்காரர்கள் எழுந்து பதில் சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

இந்தப் பக்கத்து மாணவர்களுக்குக் கனவு இடங்கள் உண்டு. பணகுடியிலிருந்து எட்டிப்பார்த்தால் மகேந்திரகிரி, இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ. கங்கைகொண்டானில் சூரிய மின்கலத் தொழிற்சாலை. பெயரில் இவற்றோடு ஒரு சின்ன நிறுவனம் போட்டியிட முடியாது, முயலவும் கூடாது. ஆனால் பாதுகாப்புக் கட்டுப்பாடு மிகுந்த பெரிய வளாகங்களில் மாணவர் பெரும்பாலும் பார்த்துவிட்டுத்தான் வர முடியும். இங்கே கையில் எடுத்துச் செய்யலாம். அவர் சொல்கிற முடிவின்படி ஒரு இயந்திரத்தைப் பிரிப்பார்கள். அண்ணாச்சி இதைப் பேச்சாகச் சொல்லவில்லை. கியரைக் காட்டியதிலேயே பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

தேர்வு

மதிப்பெண் வரம்பு வைக்கவில்லை. விண்ணப்பித்த எல்லாருக்கும் பதிவேட்டின் ஒரே பக்கத்தின் நகலைக் கொடுத்து, இதில் உங்களுக்கு என்ன படுகிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். சிலர் காற்றாலையின் வரலாற்றையே எழுதிக் கொண்டுவந்தார்கள். களக்காட்டுப் பக்கம் வாழை விவசாயம் செய்யும் வீட்டுப் பையன், இரண்டு அரியர் வைத்திருந்தவர், நான்கே வரி எழுதியிருந்தார்: வெப்பநிலைக் கோளாறு நண்பகலை ஒட்டியே வருகிறது, காற்று அதிகமாக இருந்த இரவுகளில் வரவில்லை, அப்படியானால் சுமையைவிடக் குளிர்விப்பதில்தான் ஏதோ குறை, ஆபரேட்டர் ரீசெட் செய்ய எடுத்துக்கொண்ட நேரமும் கூடிக்கொண்டே போகிறது, ஏன்? அண்ணாச்சி அந்தத் தாளைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திசையன்விளையிலிருந்து விண்ணப்பித்த மாணவியின் தாளும் அதே தரம். அவர் போனில் முதலில் கேட்ட கேள்வி, அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்பது. இருந்தது, தாழ்ப்பாள் சரியில்லை, தண்ணீர் வாளியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே வாரத்தில் சரிசெய்தார்கள். அவருடைய அப்பா ஒரு நாள் நேரில் வந்து அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார், வேன் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க்குழு இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். அந்த நிறுவனத்தில் அதுவரை குழுவே இல்லை. மாணவி வருவதற்கு முன் அமைத்தார்கள், குழுவினரின் பெயர்களைச் சுவரில் ஒட்டினார்கள். பெண்கள் ஏன் விண்ணப்பிப்பதில்லை என்று கேட்கிற முதலாளிகளிடம் நான் இப்போது முதலில் கழிப்பறையைத்தான் காட்டச் சொல்கிறேன்.

இருவரையுமே எடுத்துக்கொண்டார்கள்.

என்ன நடந்தது

தட்டச்சு வேலை மூன்று வாரத்தில் முடியவில்லை. கையெழுத்தைப் படிக்கவே ஆபரேட்டர்களிடம் ஓட வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஓட்டத்தில்தான் இருவரும் தொழிலைக் கற்றார்கள். ‘ஓ.கே.’ என்று எழுதிய ஆபரேட்டர் உண்மையில் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பது பேசினால்தான் தெரியும். களக்காட்டுப் பையன் சந்தேகப்பட்ட இயந்திரத்தை மார்ச்சில் பிரித்தார்கள். ஆயில் கூலரின் இதழ்களுக்கு நடுவே எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண் தூசியும் சேர்ந்து கட்டியாக இறுகியிருந்தன. காற்று உள்ளே போக வழியே இல்லை. அதைச் சுத்தம் செய்ததற்கு ஆன செலவு ஒன்றும் பெரிதில்லை. அடுத்த சீசனில் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் அந்த வரி அநேகமாக மறைந்துவிட்டது.

மாணவிக்கு முதலில் கொடுத்த வேலை வேறு: காற்றின் திசைக்கு ஏற்ப இயந்திரத்தின் தலை சரியாகத் திரும்புகிறதா என்று பார்ப்பது. நல்ல தலைப்பு. ஆனால் அந்தப் பழைய கன்ட்ரோலர்களில் திசைத் தரவு சேமிக்கப்படுவதே இல்லை. அது தெரியவந்தது மூன்றாவது வாரத்தில். அறிவிக்கும் முன் தரவு இருக்கிறதா என்று நிறுவனத்தில் யாரும் திறந்து பார்க்கவில்லை. மாணவி மனம் நொந்துதான் போனார். அவரையும் பதிவேட்டு வேலைக்கே மாற்றி, மின்வாரியத் தடங்கல்களைத் தனியே பிரிக்கும் பகுதியைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அதன் பிறகு அங்கே ஒரு வழக்கம் வந்தது: எந்த இன்டர்ன்ஷிப் வேலையையும் அறிவிக்கும் முன் அண்ணாச்சியோ அவர் ஆளோ இரண்டு நாள் அந்த வேலையைத் தாங்களே தொடங்கிப் பார்க்கிறார்கள்.

அவர் பிரித்த கணக்கிலிருந்து இன்னொரு இடமும் பிறந்தது. இந்தப் பழைய இயந்திரங்களின் ஜெனரேட்டர் மின்சாரத்தைத் தரும்போதே, தன் காந்தப்புலத்துக்காக மின்தொகுப்பிலிருந்து எதிர்வினைத் திறனை (ரியாக்டிவ் பவர்) இழுக்கும். அதை ஈடுகட்டத்தான் கெபாசிட்டர்கள். கெபாசிட்டர் ஒன்று பழுதானால் இயந்திரம் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும்; மின்வாரியத்தின் மாதக் கணக்கில் மட்டும் எதிர்வினைக் கட்டணம் ஏறும். அந்தக் கணக்குத் தாள்களை யாரும் மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டதில்லை. ஒப்பிடப் பொறியாளர் தேவையில்லை, கணக்கில் கண் உள்ளவர் போதும். பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் வணிகவியல், கணித மாணவர்களுக்காக மே, ஜூனில் ஓர் இடம் திறந்தார்கள். மேசை வேலை, களத்துக்குப் போக வேண்டியதில்லை, சீசனின் பரபரப்பும் இதைத் தொந்தரவு செய்யாது. கோடை விடுமுறைக்குப் பொருந்துகிற வேலை கடைசியில் இப்படித்தான் கிடைத்தது.

முதலாளிக்கு ஒரு மனக்குறை உண்டு. பயிற்றுவித்த பிள்ளை பெரிய கம்பெனிக்குப் போய்விடுவானே என்பார். போகத்தான் செய்வார்கள், திசையன்விளை மாணவி சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் தன் ஜூனியர்களிடம் சொன்னதால் அடுத்த செப்டம்பரில் வந்த விண்ணப்பங்களை ஒரு சாயங்காலத்தில் படித்து முடிக்க முடியவில்லை. முன்பு ஒரு மாணவரின் வார்த்தை கதவை அடைத்த அதே வழியாகத்தான் இதுவும் வந்தது.

களக்காட்டுப் பையன் அரியர்களை முடித்துவிட்டு இப்போது பழகுநர் திட்டத்தில் அங்கேயே இருக்கிறார். அடுத்த ஜனவரிக்கு வருகிறவருக்குக் காலை அரை மணி நேரம் கொடுக்கப்போவது அவர்தான். அண்ணாச்சி வாரத்துக்கு ஒரு நாள் உட்காருவார். வேலையும் தயார்: ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எடுத்த கியர் ஆயில் மாதிரிகளின் ஆய்வக அறிக்கைகள், ஒரு கோப்பில் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி, ஆயிலில் இரும்புத்துகள் எந்த இயந்திரத்தில் ஏறிக்கொண்டு போகிறது என்று காட்ட வேண்டும். பையன் இரண்டு நாள் உட்கார்ந்து தொடங்கிப் பார்த்துவிட்டார். மூன்று இயந்திரங்களின் அறிக்கைகள் மட்டும் காணவில்லை, அவற்றை ஆய்வகத்திடமே கேட்டு எழுதியிருக்கிறார்கள்.